நடக்காமல் போன ஒன்று

ஜெலாப்பாங், ஈப்போ
20 பிப்ரவரி 2024

கலாதேவி என்பவருக்கு,

உங்களை எனக்குத் தெரியாது. உங்கள் பெயரும், நீங்கள் கையுறைத் தொழிற்சாலையின் கேண்டீனில் சமைக்கிறீர்கள் என்பதும் மட்டும் தெரியும். அதுவும் ஆம்புலன்ஸில் வந்த பெண் சொன்னது. உங்கள் சட்டையில் தொழிற்சாலைப் பெயரோடு உங்கள் பெயரும் குத்தியிருந்ததாம்.

நான் ரஹ்மத்தின் மனைவி மெஹ்ரீன். போன மாதம் லகாட்டில், பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஓரமாக நிறுத்தியிருந்த காரில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனாரே, அவர்தான் என் கணவர். அந்தக் காரில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் நீங்கள் இருந்தீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு ஆஸ்பத்திரிக்கு வராமல் போய்விட்டீர்கள்.

அன்று காலை அவர் என்னிடம் தைப்பிங்கில் கூட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நேரில் வந்து கேட்டிருப்பேன். கணவர் மௌத்தானால் நாலு மாதத்துக்கு மேல் மனைவி வீட்டோடு இருக்க வேண்டும் என்பது எங்கள் மார்க்கம். இத்தா என்போம். அதனால்தான் கடிதம். தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் கேட்கவில்லை. நீங்கள் யார்?

மெஹ்ரீன்

---

லகாட்
29 பிப்ரவரி 2024

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கேண்டீனுக்கு வந்தது. தயவுசெய்து இனி அங்கே அனுப்ப வேண்டாம். அனுப்பியவர் பெயரைக் கல்லாவில் இருக்கிறவர் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் உறையின் பின்னால் இருக்கும் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள்.

நான் வழியில் போனவள். கார் ஓரமாக நிற்பதையும் உள்ளே ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருப்பதையும் பார்த்தேன். கதவைத் திறந்து உட்கார்ந்தேன். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். வேறு ஒன்றும் இல்லை. யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள்.

அவர் ரொம்ப நேரம் துடிக்கவில்லை அம்மா. அதை மட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். உதடு ஏதோ ஓதிக்கொண்டே இருந்தது. எனக்கு அந்த வார்த்தைகள் தெரியாது. நாசர் அண்ணன் நல்ல மனிதர். நல்லபடியாகத்தான் போனார்.

இதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள்.

கலாதேவி

---

ஜெலாப்பாங்
8 மார்ச் 2024

கலாதேவி அவர்களுக்கு,

நாசர் யார்?

என் கணவர் பெயர் ரஹ்மத். அடையாள அட்டையில் ரஹ்மத். நிக்காஹ் பதிவில் ரஹ்மத். கப்ரின் மேல் நட்டிருக்கும் கட்டையிலும் அதுதான். வழியில் போனவள் என்கிறீர்கள், சாகக் கிடந்தவருக்கு நீங்களாக ஒரு பெயர் வைத்தீர்களா? அதில் அண்ணன் வேறு.

என்னிடம் பொய் சொல்வது ஒன்றும் கஷ்டமில்லை. இருபத்து நாலு வருஷம் ஒருவர் சொல்லியிருக்கிறார், நான் நம்பியிருக்கிறேன். அரசாங்கத்தில் ஆய்வுப் பிரிவு என்றார். மீன் விலையும் அரிசி விலையும் கணக்கெடுக்கிற வேலை என்று நானாக நினைத்துக்கொண்டேன். சொந்தக்காரர்களிடமும் அப்படியே சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

ஜனாஸா அடக்கம் முடிந்த மறுநாள் அவருடைய அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அவருடைய போனையும் கம்ப்யூட்டரையும் வாங்கிக்கொண்டார்கள். "ரஹ்மத் நாட்டுக்கு நிறைய செஞ்சிருக்காருக்கா. நாங்க வெளிய சொல்ல முடியாது. நீங்களும் சொல்லக் கூடாது" என்றார்கள். உள்நாட்டு உளவு அலுவலகம் என்ற வார்த்தையை அன்றுதான் என் வீட்டுக்குள் கேட்டேன். நான் அழுதபடி கையெழுத்துப் போட்டேன். எதில் போட்டேன் என்று கூடப் பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. கடைக்குப் போனால் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். கல்யாண வீட்டில் போட்டோ எடுத்தால் எழுந்து கை கழுவப் போய்விடுவார். எங்கள் வீட்டுக்கு அவருடைய நண்பர் என்று ஒருவர்கூட வந்ததில்லை. நான் அதைக் கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் அலுவலகம் வேறு, பக்கத்து இருக்கையில் ஒரு பெண் வேறு. என் நாத்தனார் ஆம்புலன்ஸ்காரியிடம் பேசிவிட்டு வந்து, "நீ மனச தேத்திக்கோ லா மெஹ்ரீன், ஆம்பளைங்கன்னா அப்படித்தான்" என்று சொல்லிப் போனாள். என் மகள் ஹுதா ஜொகூரிலிருந்து போன் செய்கிறாள். அவளும் கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

நீங்கள் அவருக்கு மனைவியா? ஆம் என்றால் ஆம் என்று எழுதுங்கள். பிள்ளை இருக்கிறதா என்றும் எழுதுங்கள். அதையும் தாங்கிக்கொள்வேன். இந்தச் சுவருக்குள் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருக்கத்தான் முடியவில்லை.

மெஹ்ரீன்

---

லகாட்
24 மார்ச் 2024

மெஹ்ரீன் அக்காவுக்கு,

அக்கா என்று எழுதுவது பிடிக்காவிட்டால் அடித்துவிட்டுப் படியுங்கள்.

நீங்கள் இப்படி நினைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரைக்கும் அப்படித்தான். அவருக்கு வேறு பெயர் இருந்ததே உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

எழுதக் கூடாதுதான். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அதுதான், போனில் பேசாதே, எதையும் எழுதாதே என்று. ஆனால் நீங்கள் என்னை என்னவென்று நினைத்துக்கொண்டு நோன்பு பிடித்துக்கொண்டிருக்கிறீர்களோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. படித்ததும் எரித்துவிடுங்கள்.

நான் இருப்பது பழைய ரப்பர் தோட்டம் அக்கா. மரமெல்லாம் போய்விட்டது. லயத்து வீடுகளில் மிச்சமிருப்பவர்கள் இருக்கிறோம். எனக்கு அம்மா அப்பா இல்லை. தம்பி தீபனை நான்தான் வளர்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். கோயிலைப் பக்கத்தில் வேறு நிலத்துக்கு மாற்ற வேண்டும் என்றார்கள். அதில் மனஸ்தாபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பேசித் தீர்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

அப்போது ராமையா என்று ஒருவன் வெளியூரிலிருந்து வந்தான். யார் அனுப்பினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பையன்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு வீடியோ காட்டுவான். எல்லாம் எங்கேயோ நடந்த சண்டை. நம் கோயிலை இடிப்பதே பக்கத்துத் தாமான் வீடுகளுக்கு நடுவில் இருக்கும் சுராவில் தொழுகிறவர்கள் கேட்டுத்தான் என்பான். அது பொய். அந்தச் சுராவ் ஆட்கள் எங்கள் திருவிழாவுக்குக் கார் நிறுத்த இடம் கொடுக்கிறவர்கள். ஆனால் பையன்களுக்குக் கோபம் பிடித்துவிட்டது. தீபனுக்குத்தான் அதிகமாக.

ஒருநாள் குளியலறைக்குப் பின்னால் பெட்ரோல் ஊற்றிய போத்தல்கள் இருந்ததைப் பார்த்தேன், வாயில் துணி அடைத்து. கோயிலை மாற்றுகிற அன்று சுராவைக் கொளுத்துவதாகத் திட்டம் என்று பையன்கள் பேசியது காதில் விழுந்தது. அங்கே சாயங்காலம் சின்னப் பிள்ளைகள் ஓதுவார்கள் அக்கா. போலீஸுக்குப் போனால் தீபன் ஜெயிலுக்குப் போவான். போகாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும்.

அந்த வாரம்தான் நாசர் அண்ணன் எங்கள் ஒட்டுக்கடையில் தேத்தாரே குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னாலும் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். அந்த வீடியோக்கள் எங்கேயெல்லாம் பரவுகிறது என்று பார்த்துத்தான் எங்கள் பக்கம் வந்தாராம், பிறகு சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தங்கச்சிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஏன் என்று தெரியவில்லை, மறுநாள் கேண்டீனுக்கு வந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அப்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நாங்க யாரையும் பிடிக்க மாட்டோம் தங்கச்சி. எங்ககிட்ட விலங்கும் இல்ல, துப்பாக்கியும் இல்ல. கேப்போம், சரியான்னு பாப்போம், எழுதி மேல அனுப்புவோம். நீ சொன்னதுங்கிறதுக்காக அப்படியே எழுதிட மாட்டேன். இன்னொரு எடத்துல அதே வந்தாத்தான் எழுதுவேன். உன் பேரு எந்தக் காகிதத்துலயும் வராது."

"என் தம்பி?" என்றேன்.

"உன் தம்பிய நான் பாத்துக்கிறேன்" என்றார். பார்த்துக்கொண்டார்.

கோயில் தலைவர் பழனியப்பனும் சுராவ் பெரியவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். யார் உட்கார வைத்தார்கள் என்று அவர்களுக்கே சரியாகத் தெரியாது. கோயில் மாற்றும் நாளை ஊருக்குச் சொல்லாமல் முன்னால் தள்ளினார்கள். ஒரு புதன்கிழமை, மழை. சாமியைத் தூக்க லாரி கொடுத்ததே சுராவ் ஆட்கள்தான். தீபனுக்கு அதற்கு இரண்டு நாள் முன்னால் சிங்கப்பூரில் ஒரு கம்பெனியிலிருந்து, வேலை காலியாக இருக்கிறது, உடனே வா என்று போன் வந்தது. போய்விட்டான். ராமையாவை வேறு ஏதோ வழக்கில் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. போத்தல்களை நான் குட்டையில் போட்டேன்.

ஒன்றுமே நடக்கவில்லை அக்கா. பேப்பரில் ஒரு வரி வரவில்லை.

யாரோ காட்டிக் கொடுத்துவிட்டான் என்று தீபன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் யார் என்று தெரிந்தால் விடமாட்டேன் என்கிறான். லீவுக்கு வரும்போதெல்லாம் அவனுக்கு நான் சோறு போடுகிறேன். இதை நான் ஒருவரிடம் மட்டும்தான் பேச முடிந்தது. "வேலை முடிஞ்சிடுச்சு, இனி நான் வரத் தேவையில்ல" என்று நாசர் அண்ணன் சொன்னார். ஆனாலும் மாதம் ஒருதடவை வந்தார். நான் பேசுவேன், அவர் கேட்பார்.

அன்றைக்கும் அப்படித்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குச் சொல்லிடு" என்றார். "எந்த வீடு அண்ணே? நம்பர் சொல்லுங்க" என்று கத்தினேன். என்னையே பார்த்தார். சொல்லவில்லை. முடியவில்லையா, பழக்கமா, எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

உங்கள்
கலாதேவி

---

ஜெலாப்பாங்
14 ஏப்ரல் 2024

கலா,

உன் கடிதத்தை எரிக்கச் சொன்னாய். பெருநாள் முடியும்வரை வைத்திருந்து, நேற்று அடுப்பில் போட்டேன். அதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டது.

பெருநாளுக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். புருஷன் போனதற்கான பாவம் கொஞ்சம். மீதி எதற்கென்று உனக்குத் தெரியும். நாத்தனார் எனக்காக ஒரு தட்டில் ரெண்டாங் கறி எடுத்து வந்து முதுகைத் தடவினாள். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல் இருந்தது. நீ நினைப்பது போல் இல்லையடி, அவர் ஒரு பள்ளிவாசலை எரியாமல் காப்பாற்றினவர் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. ரெண்டாங் நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னேன்.

ஹுதா என் அறைக்குள் வந்து, "அத்தாவுக்கு வேற யாராவது இருந்தாங்களாம்மா?" என்றாள். "இல்ல" என்றேன். "அப்ப அங்க என்ன செஞ்சாரு?" என்றாள். எனக்குப் பதில் இருந்தது. சொல்ல முடியவில்லை. அவள் பதில் இல்லை என்று எடுத்துக்கொண்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ அவருக்கு வேண்டியவளாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வெறுத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். இப்போது யாரை வெறுப்பது? நல்ல காரியம் செய்திருக்கிறார். ஆனால் அந்த நல்லவர் உன் ஊரில் இருந்தார். என் வீட்டில் இருந்தவர் சாப்பிட்டுவிட்டு டிவியைப் பார்த்துக்கொண்டு, நான் பத்து வார்த்தை பேசினால் 'ம்' என்பவர். நீ பேசினால் கேட்டார் என்கிறாயே. அந்த ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அவர் உன்னிடம் என்ன பேசுவார்? சிரிப்பாரா? என்னைப் பற்றி எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? வேலையைப் பற்றி வேண்டாம். இதை மட்டும் எழுது.

மெஹ்ரீன்

---

லகாட்
5 மே 2024

மெஹ்ரீன் அக்காவுக்கு,

சிரிப்பார் அக்கா. சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். வீட்டைப் பற்றிப் பெயர் சொல்லாமல் பேசுவார். எங்க வீட்டுக்காரம்மா மீன் குழம்பு வைத்தால் மாடிவரை மணக்கும் என்பார். டிவியில் அழுகிற காட்சி வந்தால் அவங்களுக்கு முன்னாடியே எனக்குக் கண்ணு கலங்கும், அதான் அவங்க பக்கம் திரும்ப மாட்டேன் என்பார். ஒருநாள் நான், "வீட்டுல இப்படிப் பேசுவீங்களா அண்ணே?" என்று கேட்டேன். "நாள் பூரா பொய்யான பேர்ல பேசிட்டு வீட்டுக்குப் போனா, வாயத் தொறந்தா எது வரும்னு பயமா இருக்கு தங்கச்சி. அவ கேட்டா நான் சொல்லிடுவேன். அதான் பேசுறதில்ல" என்றார்.

இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் தோன்றாமல் இருந்ததே.

அக்கா, இங்கே ஒரு பிரச்சினை. நீங்கள் முதலில் கேண்டீனுக்கு எழுதிய கடிதத்தைக் கல்லாக்காரர் பத்து பேரிடம் சொல்லியிருக்கிறார். ஆம்புலன்ஸ் விஷயமும் அதோடு சேர்ந்துகொண்டது. கலாதேவி ஒரு துலுக்க ஆளின் காரில் இருந்தாளாம், அவன் பொண்டாட்டி கேட்டு எழுதியிருக்கிறாளாம் என்று தோட்டம்வரை வந்துவிட்டது. தீபன் மே தின லீவுக்கு வந்திருந்தான்.

"யாருக்கா அந்த ஆளு?"

"தெரிஞ்சவரு."

"எப்படித் தெரிஞ்சவரு? செத்தவன் படத்த ஆம்புலன்ஸ்காரன் ஒருத்தன் காட்டினான். அந்த மூஞ்சிய நான் பாத்திருக்கேன். நான் சிங்கப்பூர் போறதுக்கு முந்தின வாரம் நம்ம ஒட்டுக்கடையில உக்காந்திருந்தான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் மனதுக்குள் ஏதோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் திரும்ப வருவான். அதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.

போன வாரம் அண்ணனுடைய அலுவலகத்திலிருந்து புதிதாக ஒரு பெண் வந்தாள். கேண்டீன் வரிசையில் நின்று மீ கோரிங் வாங்கிவிட்டு, நான் வெளியே வந்தபோது பேசினாள். சின்ன வயசு. நல்ல பெண்தான். நாசர் அண்ணன் அவளை எனக்கு அறிமுகம் செய்து வைப்பதாக இருந்தாராம், அதற்குள் இப்படி ஆகிவிட்டது என்றாள். நான் தீபனைப் பற்றிச் சொன்னேன். வேறு ஊரில் வீடு பார்த்துத் தரட்டுமா என்றாள். நான் ஓடினால் அதுவே பதில் ஆகிவிடாதா? பிறகு தயங்கித் தயங்கி, "அவரு உங்களுக்கு வேண்டியவருன்னு சொல்லிடுங்கக்கா. ஜனங்க அத டக்குனு நம்பிடுவாங்க. மேல ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

நினைத்துப் பார்த்தேன். சொல்லலாம். நான் தனி ஆள், ஏற்கெனவே பாதிப் பேர் அப்படித்தான் பேசுகிறார்கள். தீபன் என்னை அறைவான், அப்புறம் ஒரு வருஷம் பேசமாட்டான். உயிரோடு இருப்பேன், அவனும் ஜெயிலுக்குப் போகாமல் இருப்பான். ஆனால் அந்தப் பெயர் என்னோடு நிற்காது. உங்கள் வீட்டு வாசலுக்கும் வரும். உங்கள் பெண்ணுக்கும் போகும்.

அதனால் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றால் சொல்லமாட்டேன்.

கலா

---

ஜெலாப்பாங்
13 மே 2024

கலா,

வேண்டாம். சொல்லாதே.

கேண்டீனுக்குக் கடிதம் போட்டது நான். அதனால் வந்ததை நான்தான் பார்க்க வேண்டும். மாதக் கடைசியில் என் இத்தா முடிகிறது. தீபன் வருகிற சனிக்கிழமை எது என்று எழுது. நான் வருகிறேன்.

ஒரு பொய் சொல்லப் போகிறோம், இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். நான் வீட்டில் மசாலாத் தூள் அரைத்து விற்பவள். இது உண்மை, ஜெலாப்பாங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உன் கேண்டீனுக்கு என்னிடம் மீன் மசாலா வாங்கிக்கொண்டிருந்தாய். மூன்று வருஷமாக. மாதம் ஒருதடவை என் கணவர் கொண்டுவந்து கொடுப்பார். முதலில் வந்தபோது இடம் தெரியாமல் உங்கள் ஒட்டுக்கடையில் விசாரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் காரில் பொட்டலம் எடுக்க வந்தாய், நெஞ்சுவலி என்றார், உட்கார்ந்தாய். உனக்கு நன்றி சொல்லத்தான் நான் கடிதம் எழுதினேன்.

இன்னொன்று. இனிமேல் அவர் ரஹ்மத் அண்ணன். வாய்க்குள் சொல்லிப் பழகிக்கொள். நாசர் என்று ஒருதடவை வந்தாலும் எல்லாம் போச்சு.

இதை எழுதும்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. எவ்வளவு சுலபமாக வருகிறது.

மெஹ்ரீன்

---

லகாட்
11 ஜூன் 2024

அக்கா,

நீங்கள் போய் மூன்று நாள் ஆகிறது. இன்னும் வீட்டில் மசாலா வாசம் போகவில்லை.

நீங்கள் டாக்ஸியிலிருந்து இறங்கியபோது இது நீங்கள்தான் என்று நான் நம்பவில்லை. நான் மனதில் நினைத்திருந்தது ஒல்லியாக, பயந்த மாதிரி ஒரு அம்மா. நீங்கள் இரண்டு கையிலும் பை வைத்துக்கொண்டு, வாசலில் நின்ற செல்லாயி அக்காவிடம், "கேண்டீன் கலா வீடு எதும்மா? எம்புருஷன் மூணு வருஷமா தூள் கொண்டாந்து கொடுத்தாரு, நான் ஒருதடவகூட வந்ததில்ல" என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டீர்கள். செல்லாயி அக்காவுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

தீபன் உள்ளேயிருந்து வந்தான். உங்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் "ரஹ்மத் அண்ணன் வீட்டுக்காரம்மா" என்றேன். வாய் குழறவில்லை. ஆனால் அவன் விடவில்லை. "இவ்ளோ நாளா எங்கக்கா உங்ககிட்ட தூள் வாங்குறத எங்கிட்ட சொன்னதே இல்லையே" என்றான்.

நீங்கள் பையைக் கீழே வைத்தீர்கள். "தம்பி, உங்கக்கா எதத்தான் சொல்லுவா? அவளுக்கு ஒரு தம்பி இருக்கான்னு எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றீர்கள். அப்புறம் உங்கள் குரல் மாறிவிட்டது. "இவ மட்டும் அங்க இல்லன்னா எம்புருஷன் ரோட்டோரத்துல யாருமே இல்லாம போயிருப்பாரு. அவரு கைய நான் பிடிச்சிருக்கணும். உங்கக்கா பிடிச்சா. அதச் சொல்லத்தான் வந்தேன்" என்று சொல்லி, அப்படியே உடைந்துபோய் அழுதீர்கள். நானும் அழுதேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே அக்கா.

தீபன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தான். டாக்ஸி வேண்டாம், பக்கத்து வீட்டுக் காரை வாங்கி நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று அவனே சொன்னான்.

நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஜெலாப்பாங் போய் வர அவ்வளவு நேரம் ஆகாது. இருட்டின பிறகுதான் வந்தான். எங்கே போனாய் என்றால், "அந்தம்மா தொழணும்னாங்க" என்றான். சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்தான். அவன் தட்டு கழுவி நான் பார்த்ததில்லை. காலையில் பஸ் ஏறும்போது, "அக்கா, உடம்பப் பாத்துக்கோ" என்றான்.

வழியில் என்ன நடந்தது? அவன் கேட்டானா? நீங்கள் ஏதாவது சொன்னீர்களா?

கலா

---

ஜெலாப்பாங்
16 ஜூன் 2024

கலா,

பயப்படாதே. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

கார் உங்கள் தோட்டத்தை விட்டு வெளியே வந்ததும் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. அசர் நேரம். வீட்டுக்குப் போய்த் தொழுதுகொள்ளலாம்தான். ஆனால் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். "இங்க பக்கத்துல சுராவ் இருக்காப்பா?" என்றேன். கொஞ்ச தூரம் ஓட்டினான். அப்புறம், "இருக்கு. போலாம்" என்று வண்டியைத் திருப்பினான்.

அவர் காப்பாற்றியது ஏதோ பெரிய கட்டடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன சுராவ். தகரக் கூரை, ஒரு பக்கம் வண்ணம் அடித்து மறுபக்கம் அடிக்காமல் விட்டிருக்கிறது. பெண்கள் பகுதியில் ஒரு திரை. ஒரு மின்விசிறி கறகறவென்று சுற்றியது. இரண்டு மலாய்ப் பெண்கள் எனக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். ஒருத்தி தொழுகை உடை எடுத்துக் கொடுத்தாள். நான் எங்கிருந்து வருகிறேன், யாருடைய மனைவி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க முடியாது.

தொழுது முடித்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெளியே பிள்ளைகள் ஓத வர ஆரம்பித்தார்கள். ஒன்று அழுதது, ஒன்று இன்னொன்றின் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. உஸ்தாத் யாரையோ அதட்டினார். கலா, அவ்வளவுதான். வேறு ஒன்றுமே அங்கே நடக்கவில்லை. இருபத்து நாலு வருஷமாக என் கணவர் என்ன வேலைக்குப் போனார் என்று அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

ஹுதாவிடம் இதைச் சொல்ல முடியாது. நாத்தனார் இன்னும் என் முதுகைத் தடவிக்கொண்டுதான் இருப்பாள். என் வீட்டில் அவர் ஒரு மாதிரியானவராகவே இருந்துவிட்டுப் போகட்டும். நீ அங்கே வாயை மூடிக்கொண்டு இருக்கிறாய், நான் இங்கே இருக்கிறேன். நாம் இனி சந்திக்கலாம். தூள் வாங்க வா, பெருநாளைக்கு வா, யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஆனால் நாலு பேர் முன்னால் உட்கார்ந்து மீன் மசாலாவைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒன்று. நான் வெளியே வந்தபோது தீபன் காரில் இல்லை. சுராவ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். ஓத வந்த பிள்ளைகள் உதறிப் போட்ட செருப்புகளை, நடக்கிற வழியில் இருக்கிறது என்று, ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"ரொம்ப நேரம் காக்க வச்சிட்டேனாப்பா?" என்றேன்.

"இல்லக்கா" என்றான். கதவுக்குள்ளே பிள்ளைகளைப் பார்த்தான். "இந்த எடத்துல ஒருநாளு..." என்று ஆரம்பித்தான்.

நான் காத்திருந்தேன். அவர் உனக்குக் காத்திருந்த மாதிரி என்று நினைக்கிறேன்.

"ஒண்ணுமில்லக்கா," என்றான். "போலாம்."

மெஹ்ரீன்